அண்ணன் எழுதி வைத்த தூரம்

மார்ச் 3
விளக்கு நிலையம்

அசெம்பிளர் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தப் பாறையில் உள்ள கலங்கரை விளக்கின் கட்டுப்பாட்டு நிரலை எழுதி, உங்கள் அசெம்பிளரைக் கொண்டுதான் சிப்பின் மொழிக்கு மாற்றி வருகிறேன். அதில் ஒரு பிழை இருப்பதாகத் தெரிகிறது. தபால் படகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். வயர்லெஸ் துறைமுகத்தோடு பேசுவதற்கு மட்டும். அதனால் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

அலையின் உயரத்தைப் பதிந்து வைக்க ஒரு புதிய கோப்பு எழுதி, போன மாதம் நிரலோடு சேர்த்தேன். சிப்பில் ஏற்றினேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. போன வியாழக்கிழமை மத்தியானம் மூடுபனி இறங்கியது. விளக்கு தானாக எரிந்தது, பனிச்சங்கு தானாக ஊதியது. கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் இருமி, நின்றுவிட்டது. மின்சாரம் விழுந்தால் நிரல் உடனே அவசரப் பகுதிக்குத் தாவ வேண்டும். அங்கே முதல் கட்டளை சங்கைத் திறப்பது. இரண்டாவது, விளக்கை பேட்டரிக்கு மாற்றுவது. இரண்டும் நடக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தனி பேட்டரி உண்டு. அது உயிரோடுதான் இருந்தது, ஆனால் செத்தது போல் கிடந்தது. பனி விலகும்வரை கைச்சங்கைச் சுற்றிச் சமாளித்தேன்.

பிறகு சிப்பில் இருப்பதைப் படித்துப் பார்த்தேன். தாவல் கட்டளை அவசரப் பகுதிக்குப் போகவில்லை. நான் புதிதாகச் சேர்த்த அலைக் கணக்கின் நடுவில் போய் விழுகிறது. நான் எழுதிய வரியில் தவறில்லை. அச்சுப் பிரதி இணைத்துள்ளேன். விரைந்து சரிசெய்து தரக் கோருகிறேன்.

இப்படிக்கு,
நிலையப் பொறுப்பாளர்


மார்ச் 11

அண்ணிக்கு,

"பொறுப்பாளர் அவர்களுக்கு" என்று எழுதியிருந்தீர்கள். இந்த மாடியில் இப்போது நான் ஒருவன்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அண்ணன் போனபின் உங்களிடமிருந்து வந்த முதல் கடிதம் இது. அதையும் கொழுந்தனுக்கு எழுதவில்லை, பொறுப்பாளருக்கு எழுதியிருக்கிறீர்கள். சரி, பொறுப்பாளராகவே பதில் சொல்கிறேன்.

இந்த அசெம்பிளர் நான்கு வருஷமாகப் பல இடங்களில் ஓடுகிறது. தாவல் கட்டளை பற்றி இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை. அந்தப் பகுதி முழுவதும் அண்ணன் எழுதியது. அவன் எப்படி எழுதுவான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வரியை மூன்று தரம் படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவான். உங்கள் புதிய கோப்பில் எங்காவது நினைவகம் கலைகிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கீழே டயர் கடையில் புதிதாக ஒரு கம்ப்ரஸர் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கத் தரை அதிர்கிறது. முன்பெல்லாம் சத்தம் போட்டால் அண்ணன் சன்னலைத் திறந்து, "அண்ணே, கொஞ்சம் மூச்சு விடச் சொல்லுங்க அதை" என்பான். அவர்களும் சிரித்துக்கொண்டே நிறுத்துவார்கள். நான் சொன்னால் நிறுத்த மாட்டார்கள். நான் சொல்லிப் பார்த்ததும் இல்லை.

கொழுந்தன்


மார்ச் 30

தம்பிக்கு,

பொறுப்பாளர் என்று எழுதியது உங்களைக் குத்துவதற்காக இல்லை. "தம்பிக்கு" என்று எழுதிப் பார்த்தேன், அடுத்த வரி வரவில்லை. பொறுப்பாளர் என்று போட்டதும் பேனா ஓடியது. அவ்வளவுதான்.

நினைவகம் கலையவில்லை. நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று தெரியும் என்பதால் ஒரு சின்னச் சோதனை எழுதியிருக்கிறேன். முதல் கோப்பில் தினசரிப் பகுதி ஒன்று, அவசரப் பகுதி ஒன்று. தினசரியிலிருந்து அவசரத்துக்கு ஒரு தாவல். தனியாக ஓடவிட்டால் சரியாகத் தாவுகிறது. இன்னொரு கோப்பைச் சேர்த்தால், கோப்புகளை ஒன்றாகக் கோக்கும் லிங்கர் எல்லாக் கோப்புகளின் தினசரிப் பகுதிகளையும் முதலில் அடுக்கிவிட்டு, அவசரப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. அவசரம் தள்ளிப் போய்விட்டது, ஆனால் தாவலில் எழுதியிருக்கும் தூரம் மட்டும் பழைய தூரமாகவே இருக்கிறது. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான். உங்கள் மேசையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் அண்ணன் தப்பே செய்யமாட்டார் என்று உங்களுக்கு யார் சொன்னது? கல்யாணமான புதிதில் எனக்குப் புத்தக அலமாரி செய்து தருகிறேன் என்று மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் ஒரே தப்பு. கடைசிவரை அதற்கு ஒரு காலின் கீழ் பழைய டெலிபோன் டைரக்டரி இருந்தது. நீங்கள்கூட அதில் இடறி விழுந்திருக்கிறீர்கள்.

முதல் கடிதத்தில் நான் எழுதாத ஒன்று உண்டு. அன்று மத்தியானம் கைச்சங்கைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இங்கே என்னோடு இருக்கும் டீசல்காரர் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கை மாற்றுவதற்காக ஒரு கணம் நிறுத்தினேன். பனிக்குள்ளிருந்து பேச்சுக்குரல் கேட்டது. பக்கத்து அறையில் பேசுவது போல. "இங்கதான் எங்கயோ பாறை இருக்கணுமே, சங்கு ஏன் ஊதல?" என்று ஒருவன் கேட்கிறான். "ஊதினா கேக்காதா? இன்னும் தள்ளி இருக்கும், நீ போ" என்கிறான் இன்னொருவன். சங்கை விட்டுவிட்டுப் பாறையோரத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இங்கதான் இருக்கு! திருப்புங்க! இங்கதான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எஞ்சின் சத்தம் திரும்பிப் போனது. படகை நான் பார்க்கவே இல்லை. எத்தனை பேர் என்றும் தெரியாது.

அதற்குப்பின் பனி வந்தால் கைச்சங்குக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதிய நிரலை நானே நம்பாமல் காவல் காப்பது நன்றாகவா இருக்கிறது?

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணி,

உங்கள் சோதனையை ஓட்டினேன். கடிதம் வந்த அன்றே ஓட்டியிருக்கலாம். இரண்டு நாள் கவரை எடுத்து எடுத்து வைத்தேன்.

நீங்கள் சொன்னது சரி. எப்படி என்று எழுதுகிறேன், எனக்கும் எழுதினால்தான் தெளியும். தாவல் கட்டளைக்குள் போக வேண்டிய இடத்தின் முகவரி இருப்பதில்லை. இங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் இருக்கும். அந்தத் தூரம் அசெம்பிளருக்கு நிச்சயமாகத் தெரிந்தால் தானே எழுதிவிடலாம். தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விட்டு, "எல்லாவற்றையும் அடுக்கி முடித்தபின் இங்கே தூரத்தை எழுது" என்று லிங்கருக்கு ஒரு சீட்டு வைக்க வேண்டும். ரீலொகேஷன் என்று நாங்கள் சொல்வது அந்தச் சீட்டைத்தான். அண்ணன் எழுதியதில், போக வேண்டிய இடம் அதே கோப்பில் இருந்தால் போதும், தூரத்தை அசெம்பிளரே எழுதிவிடுகிறது, சீட்டு வைப்பதில்லை. அதே கோப்பில் இருந்தாலும் வேறு பகுதியாக இருந்தால் லிங்கர் அதை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தும் என்பதை அவன் யோசிக்கவில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டான் போல.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. லிங்கருக்குக் கொடுக்கும் வரிசையில் உங்கள் அலைக் கோப்பை முதலில் கொடுங்கள். அப்போது அது நடுவில் வராது, அண்ணன் எழுதிய தூரமும் சரியாகவே இருக்கும். அசெம்பிளரைத் தொட வேண்டாம்.

தொட எனக்கு மனசு வரவில்லை. அதுதான் உண்மை. அந்தப் பகுதி அவன் கடைசியாக எழுதியது. அதை எழுதி முடித்த வாரத்தில்தான் இந்த மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் நாற்காலியை இன்னும் நகர்த்தவில்லை. நீங்கள் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். சட்டைகள், ரேடியோ, அவன் ராத்திரி பகல் உட்கார்ந்த அந்த மேசை வரைக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டதாக எனக்கு மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்தது. "தம்பி, உங்களுக்கு வேணுமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது மிச்சம் இருக்கும் இந்தச் சில வரியையும் அழி என்கிறீர்கள்.

வரிசையை மாற்றிப் பாருங்கள். வேலை செய்யும்.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

வரிசையை மாற்றினேன், வேலை செய்கிறது. ஆனாலும் வேண்டாம்.

நான் இங்கே இருக்கும்வரை வரிசை எனக்கு நினைவிருக்கும். எனக்குப்பின் வருகிறவன் இன்னொரு கோப்பைச் சேர்ப்பான். அவனிடம் யார் சொல்வது? சுவரில் எழுதி ஒட்டச் சொல்வீர்கள். உப்புக்காற்றில் இங்கே எதுவும் சுவரில் ஒட்டாது. அசெம்பிளர் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் தப்பான தூரத்தை எழுதும், மறுபடி பனிக்குள் யாரோ, "இன்னும் தள்ளி இருக்கும், நீ போ" என்று சொல்வார்கள்.

மேசையைப் பற்றிச் சொல்கிறேன். அந்த மேசையின் இழுப்பறை எப்போதும் சிக்கிக்கொள்ளும். உங்கள் அண்ணன் முழங்காலால் கீழிருந்து ஒரு முட்டு முட்டி, இடப்பக்கமாக இழுத்தால்தான் வரும். எனக்கு அது வந்ததே இல்லை. "ஒரு டிராயர் கூட திறக்கத் தெரியல, நீயெல்லாம் லைட்ஹவுஸ் நடத்தப் போறியா" என்று கேலி செய்வார். அவர் போனபின் தினமும் முட்டிப் பார்த்தேன். முழங்காலெல்லாம் கன்றிப்போனது. ஒருநாள் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி உடைத்தேன். உள்ளே ஒரு நகவெட்டி, ஒரு காய்ந்துபோன பேனா, வேறு ஒன்றுமில்லை. அப்புறம் அது வாயைப் பிளந்தபடியே நின்றது. மூடினால் மூடவில்லை. அந்த அறைக்குள் போகமுடியவில்லை, தம்பி. போகாமலும் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்து தூக்கிப்போன அன்றுதான் தூங்கினேன்.

உங்களைக் கேட்டிருந்தால் வேண்டும் என்றிருப்பீர்கள். பிறகு அதைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்திருப்பேன். அதற்குப் பயந்துதான் இந்தப் பாறைக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன்.

இங்கே டீசல்காரர் ஜெனரேட்டரோடு பேசுவதில் பாதிகூட என்னோடு பேசுவதில்லை. நேற்று மட்டும், "உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்டார். அடிக்கடி தப்புப் பண்ணுவார், சொன்னா உடனே திருத்திக்குவார் என்றேன். "அப்ப நல்ல ஆளுதான்" என்று சொல்லிவிட்டு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார்.

அவர் உயிரோடு இருந்திருந்தால் நீங்கள் காட்டிய நிமிஷமே அழித்திருப்பார். உங்களைவிட வேகமாக. அழியுங்கள்.

அண்ணி


மே 6

அண்ணி,

அழித்துவிட்டேன். புதிய அசெம்பிளர் ஃபிளாப்பியில் இருக்கிறது. இனி வேறு பகுதிக்குப் போகும் எந்தத் தாவலாக இருந்தாலும் தூரத்தை அதுவாக எழுதாது, சீட்டு வைக்கும். லிங்கர் கணக்குப் போட்டு எழுதும். தூரம் எட்டாத அளவுக்குப் போனால் சும்மா விடாமல் கத்தும்படியும் செய்திருக்கிறேன்.

திரையில் அந்த வரிகள் இருந்த இடத்தை மற்ற வரிகள் மேலே வந்து மூடிக்கொண்டன. எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

நீங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்திருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

தம்பி


மே 25

அன்புள்ள தம்பிக்கு,

ஏற்றிப் பார்த்தேன். டீசல்காரரிடம் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன். விளக்கு பேட்டரிக்கு மாறியது. நாங்கள் இருவரும் கைதட்டினோம். அப்புறம்தான் உறைத்தது, சங்கு ஊதவில்லை. நான்கு தரம் செய்து பார்த்தோம். நான்கு தரமும் விளக்கு வருகிறது, சங்கு இல்லை.

சிப்பைப் படித்தேன். அவசரப் பகுதிக்குத்தான் தாவுகிறது, ஆனால் ஒரு கட்டளை தாண்டி இறங்குகிறது. முதல் கட்டளைதான் சங்கு. அது விட்டுப்போகிறது. இரண்டாவதிலிருந்து எல்லாம் நடக்கிறது.

நீங்கள் மனசு சரியில்லாமல் செய்திருப்பீர்கள். அவசரமில்லை, நிதானமாகப் பாருங்கள். இந்த மாதம் பனி குறைவு, காற்றுதான் அதிகம். போன படகு பாறையில் அணையவே முடியாமல் தூரத்தில் நின்று, தபால் பையையும் சாமானையும் கயிற்றில் கட்டி ஏற்றிவிட்டுப் போனது. ரொட்டியெல்லாம் நனைந்துபோய் வந்தது. அதை உலர்த்திக் கொறித்துக்கொண்டிருக்கிறோம்.

நாற்காலி கைச்சங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கவலைப்பட வேண்டாம்.

அண்ணி


ஜூன் 9
தபால் படகில்

அண்ணி,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னிக்கவும். படகு தலைகீழாக ஆடுகிறது. நான் இங்கேதான் இருக்கிறேன், உங்கள் பாறைக்கு நேர் கீழே. சொல்லாமல் வந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

கணக்கு எங்கே தப்பியது என்று கண்டுபிடித்துவிட்டேன். இந்த சிப் தூரத்தைத் தாவல் கட்டளையிலிருந்து எண்ணுவதில்லை, அதற்கு அடுத்த கட்டளையிலிருந்து எண்ணும். நான் வைத்த சீட்டில் தாவல் கட்டளையிலிருந்தே எண்ணச் சொல்லியிருந்தேன். அதனால்தான் ஒரு கட்டளை தாண்டி விழுந்தது. அண்ணன் எழுதியதில் இதற்கென்றே ஒரு வரி இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து வழித்தெறிந்தபோது அதையும் எறிந்துவிட்டேன். பழைய பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு வரியைப் பொறுத்தவரை அவன்தான் சரி, நான்தான் தப்பு. சத்தம் போட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவனிடம் சொல்லத் திரும்பினேன்.

அப்புறம் அந்த அறையில் உட்கார முடியவில்லை. மாடியைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். துறைமுகத்தில் மூன்று நாள் ஒரு லாட்ஜில் கிடந்தேன். இந்தப் படகு கிளம்பும்போது கடல் சுமாராகத்தான் இருந்தது. இங்கே வந்து பார்த்தால் படியெல்லாம் தண்ணீருக்குள். படகோட்டி முடியவே முடியாது என்கிறார். "நாலு அடிதானே, குதிச்சிடறேன்" என்று சொன்னேன். "குதிக்கறது உங்க இஷ்டம், தண்ணியிலேர்ந்து பொறுக்கி எடுக்கறது என் வேலை இல்ல" என்றார். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். சின்னப் பிள்ளையை உட்கார வைப்பது போல என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

மேலே கம்பி ஓரமாக ஒருவர் வந்து நிற்பது தெரிகிறது. நீங்களா டீசல்காரரா என்று இங்கிருந்து தெரியவில்லை. கையை ஆட்டினேன். பையைக் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள். ஃபிளாப்பியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். ரொட்டியையும் நனையாமல் நானே கட்டுகிறேன்.

தம்பி


ஜூன் 10

அன்புள்ள தம்பி,

சரியாகிவிட்டது. இன்றே சொல்லிவிடலாம் என்று வயர்லெஸ்ஸில் துறைமுகத்தைக் கூப்பிட்டேன். நீங்கள் பஸ் ஏறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதனால் கடிதம்தான். அடுத்த படகில்தான் இது கிளம்பும்.

காலையில் சிப்பில் ஏற்றினேன். டீசல்காரர் ஜெனரேட்டரை நிறுத்தினார். நிறுத்திய கையை எடுப்பதற்குள் சங்கு ஊதியது. பக்கத்திலேயே நின்றதால் இரண்டு பேருக்கும் காது அடைத்துவிட்டது. விளக்கும் மாறியது. அலைக் கோப்பைக் கடைசியில், முதலில், நடுவில் என்று எல்லா வரிசையிலும் வைத்துப் பார்த்தேன். சும்மா இரண்டு வெற்றுக் கோப்புகளையும் எழுதிச் சேர்த்தேன். எப்படி அடுக்கினாலும் சரியான இடத்தில் இறங்குகிறது. மற்ற நிலையங்களுக்கும் இதையே அனுப்பிவிடுங்கள். அங்கேயும் என்னைப் போல யாராவது ஒரு கோப்பைச் சேர்த்துவிட்டுக் காவல் உட்கார்ந்திருக்கலாம். கைச்சங்குக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை உள்ளே கொண்டுவந்து போட்டுவிட்டேன்.

மற்றதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கம்பி ஓரத்தில் நின்றது நான்தான். மஞ்சள் மழைக்கோட்டில் ஒருவர் கையை ஆட்டினார். படகில் புது ஆள் சேர்ந்திருக்கிறார், முதல் தரம் பார்க்கிறவர்கள் எல்லாம் இப்படித்தான் ஆட்டுவார்கள் என்று நினைத்தேன். பதிலுக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கயிற்றைச் சுற்றப் போய்விட்டேன். யாரென்று கூர்ந்து பார்க்கவில்லை. இங்கே யாரும் எனக்காக வருவார்கள் என்று நான் நினைப்பதில்லை.

பை மேலே வந்ததும் வழக்கம்போல ரொட்டியை முதலில் எடுத்தேன். ஒரு துளி ஈரமில்லை. இவ்வளவு அக்கறையாக யார் கட்டினார்கள் என்று டீசல்காரரிடம் கேட்டேன். அப்புறம்தான் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். எழுந்து ஓடினேன். படகு முனையைத் தாண்டிவிட்டது.

காற்று மழை வருமுன் பையை ஏற்றிவிட வேண்டும் என்று கயிற்றுச் சக்கரத்தின் கைப்பிடியை வெகுவேகமாகச் சுற்றினேன், தம்பி. கயிற்றின் அந்த முனையைக் கட்டியது நீங்கள் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியிருப்பேன்.

அண்ணி